டிராக் வண்டியின் பின் ஷாக்: யாருக்கு, எப்போது, எதற்கு?

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் டிராக் டே நடக்கும் நாளில் பிட் வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், நம் ஓட்டிகளின் காசு எந்த வழியில் போகிறது என்பது தெரிந்துவிடும். முதலில் சைலன்சர். அடுத்து நன்றாக ஒட்டும் டயர். அதற்குப் பின், தடத்தில் ருசி கண்டு மறுபடி மறுபடி வருகிறவர்களின் வண்டியில், கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு மாட்டிய இறக்குமதி ஷாக் அப்சார்பர்.

இந்த மூன்றாவது செலவு பற்றித்தான் பேச வேண்டும். சைலன்சர் சத்தம் தருகிறது, டயர் பிடிப்புத் தருகிறது. அவற்றில் கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. பின் ஷாக் அப்படி இல்லை. ஒருவருக்கு வண்டியையே புதிதாக்கித் தருகிற அதே பொருள், இன்னொருவருக்குப் பழைய கோளாறை அப்படியே வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தடங்களில் ஷாக் மாற்றியவர்கள் உணரும் நன்மையில் பெரும்பங்கு, அவர்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் முதன்முறையாக வண்டிக்குள் வந்ததால் கிடைப்பது. மீதி நன்மையும் உண்மைதான். ஆனால் அதைக் கறந்தெடுக்க அளவுநாடாவும் நோட்டும் பொறுமையும் வேண்டும். அந்த உழைப்பில்லாமல் செய்யும் மாற்றத்தை நான் வீண் செலவு என்றே சொல்வேன்.

மனதில் வைத்துப் பேசுவது அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390, கவாசாகி நிஞ்சா 300 போன்ற வண்டிகளை. நம் தடங்களில் சொந்த வண்டியோடு வருகிறவர்களில் மிகப் பலர் ஓட்டுவது இவற்றைத்தான். ஆயிரம் சிசி வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே எல்லாத் திருகுகளோடும் வருவதால் அவற்றின் கணக்கு வேறு. அமைப்பாளரே ஒரே மாதிரி வண்டிகளைத் தயார் செய்து கொடுக்கும் ஒன்-மேக் பந்தயங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கம்பெனி ஷாக்கைக் குறை சொல்வதற்கு முன் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பது நியாயம். ஐம்பத்தைந்து கிலோ மாணவர் ஒருவர் தனியாக ஓட்டுவார். தொண்ணூறு கிலோ ஆள் பின்னால் மனைவியையும் ஒரு பையையும் ஏற்றிக்கொண்டு போவார். மழைக்குப் பெயர்ந்த சாலை, வர்ணம் பூசாத வேகத்தடை, பாலத்து இணைப்பு எல்லாவற்றையும் அதே ஷாக் தாங்க வேண்டும், பல ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்காமலே தாங்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து, விலையையும் அடக்கித்தான் பொறியாளர்கள் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலைக்கு அது நல்ல தேர்வு. தடத்தில் நிலைமை வேறு. ஓட்டுபவர் ஒருவரே. தோல் உடை, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுக் காப்பு எல்லாம் சேர்ந்து அவர் மேல் எட்டு, பத்துக் கிலோ கூடியிருக்கும். பள்ளங்கள் குறைவு. ஆனால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் த்ரோட்டில் திறக்கும்போதும் எடை முன்னும் பின்னும் மாறும் வேகமும் அளவும் சாலையில் ஒருநாளும் வராதவை.

ஷாக்குக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே உள்ள ஆயில், பிஸ்டனின் சிறு வழிகளிலும் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் நெருக்கிப் பாய்ந்து, ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் அமுங்கலாம், எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அமுங்கும் வழியில் கிடைக்கும் தடுப்பு கம்ப்ரஷன், திரும்பும் வழியில் கிடைப்பது ரீபவுண்ட். இந்த இரண்டு வேலைகளையும் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பிட்டில் கேட்கும் தவறான முடிவுகளில் பாதி பிறக்கிறது. ஸ்பிரிங் தவறாக இருக்கும் வண்டியில் ரீபவுண்ட் திருகை எத்தனை கிளிக் திருப்பினாலும் அந்தத் தவறு போகாது.

ஸ்பிரிங் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் எல்லாம் தெளிவாகும். ஷாக் 1 மில்லிமீட்டர் அமுங்கும்போது சக்கரம் 2.5 மில்லிமீட்டர் மேலேறுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் உள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் 100-ஐ 6.25-ஆல் வகுத்த அளவாக, அதாவது 16 நியூட்டனாகத்தான் உணரப்படும். நெம்புகோல் விகிதம் விசையிலும் ஒருமுறை, தூரத்திலும் ஒருமுறை வந்து நிற்பதால் அதன் வர்க்கத்தால் வகுக்கிறோம். இப்போது இரண்டு ஓட்டிகளுக்கு இடையே 20 கிலோ வித்தியாசம். அதில் 12 கிலோ பின்சக்கரத்துக்கு வருகிறது என்றால் ஏறத்தாழ 118 நியூட்டன். கனமானவர் உட்காரும்போது பின்பக்கம் 7 மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதலாக இறங்கும். தடத்தில் ஓட்டியோடு சேர்த்துப் பின்பக்கம் இறங்க வேண்டிய மொத்த அளவே பொதுவாக 30 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் 7 என்பது அலட்சியப்படுத்தும் அளவல்ல.

உடனே வரும் பதில், பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை, ஏற்றினால் போதாதா என்பது. ஏற்றலாம், வண்டி உயரும். மேலே சொன்ன விகிதத்தில் 3 மில்லிமீட்டர் பிரீலோடு ஏற்றினால் 7.5 மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஸ்பிரிங் ஒரு துளியும் கடினமாகவில்லை. வளைவின் நடுவில் வண்டியின் எடையோடு வளைவின் விசையும் சேர்ந்து அழுத்தும்போது அது முன்பிருந்த அதே மென்மையோடுதான் அமுங்கும். பிரீலோடை இறுக்கினால் வண்டி ஹார்டு ஆகும் என்ற நம்பிக்கை நம் மெக்கானிக் கடைகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பல ஓட்டிகள் தவறான ஸ்பிரிங்கோடு வருடக்கணக்கில் ஓட்டுவதற்கு அந்த நம்பிக்கையே காரணம்.

ஸ்பிரிங் சரியா என்று தெரிந்துகொள்ளப் பணம் வேண்டியதில்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு. பிறகு ஓட்டி முழு உடையோடு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் அளவு. வண்டி மட்டும் நிற்கையில் 5 முதல் 10 மில்லிமீட்டரும், ஓட்டியோடு 25 முதல் 35 மில்லிமீட்டரும் இறங்கினால் நல்ல தொடக்கம். ஓட்டியோடு இறங்கும் அளவைச் சரியாகக் கொண்டுவந்த பிறகு வண்டி தன் எடைக்குச் சிறிதும் இறங்காமல் விறைத்து நின்றால், ஸ்பிரிங் மென்மையானது, அதைப் பிரீலோடால் மறைத்திருக்கிறோம் என்று பொருள். மாறாக, வண்டி தன் எடைக்கே 15, 20 மில்லிமீட்டர் இறங்கினால் ஸ்பிரிங் கடினமானது. பத்து நிமிட வேலை, இரண்டு நண்பர்கள், ஓர் அளவுநாடா. இதைச் செய்யாமல் பல பத்தாயிரம் ரூபாய்க்கு ஆர்டர் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நல்ல ஷாக் வாங்குவதால் வரும் உண்மையான பலன்களில் முதலாவது இந்த ஸ்பிரிங்தான். தரமான தயாரிப்பாளர்கள் ஒரே ஷாக்குக்குப் பல கடினங்களில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். உங்கள் எடையைச் சொன்னால் அதற்கேற்றதை மாட்டி அனுப்புகிறார்கள். ஒல்லியானவருக்கு ஒன்று, கனமானவருக்கு ஒன்று. கம்பெனி ஷாக்குக்கு இப்படி மாற்று ஸ்பிரிங் கிடைப்பது நம் ஊரில் அரிது. இது மட்டுமே போதுமான காரணம் என்றுகூடச் சில ஓட்டிகளின் விஷயத்தில் ஒப்புக்கொள்வேன்.

இரண்டாவது பலன், எனக்கு மிகவும் மதிப்புள்ளது, சூட்டைத் தாங்குவது. ஷாக் செய்யும் வேலையை இயற்பியலாகப் பார்த்தால் அசைவை வெப்பமாக மாற்றுவதுதான். ஆயில் சூடேறினால் இளகும், இளகினால் தடுப்பு குறையும். வாயுவும் ஆயிலும் ஒரே அறையில் இருக்கும் மலிவான ஷாக்கில் இரண்டும் கலந்து நுரைத்துவிடும். நுரை வழியே பாயும் பிஸ்டனுக்குப் பிடிமானமே இல்லை. பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டியான் பூர்சியே தெ கார்போன் 1950-களிலேயே இதற்கு வழி சொன்னார். ஒரே குழாய்க்குள் மிதக்கும் ஒரு பிஸ்டனால் நைட்ரஜனைத் தனியே பிரித்து, உயர் அழுத்தத்தில் ஆயிலின் முதுகில் வைப்பது. அழுத்தம் இருக்கும் வரை ஆயிலுக்குள் குமிழி பிறப்பது கடினம். இன்றைய நல்ல ஷாக் எல்லாம் அந்தக் குடும்பத்தில் வந்தவை. சென்னையின் மதிய வெயிலில், தார் கொதிக்கும் நேரத்தில், இருபது நிமிட ஓட்டத்தின் கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே பின்பக்கம் நடந்துகொள்வது பெரிய விஷயம். வண்டி மாறாமலிருந்தால்தான் ஓட்டுபவர் தன்னைத் திருத்திக்கொள்ள முடியும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி ஒரு விதமாக நடந்தால், தவறு தன்னுடையதா வண்டியுடையதா என்று எப்படித் தெரியும்?

ஆனால் இங்கே ஒரு திருத்தம் தேவை. கேஸ் ஷாக் என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து, நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்ஆர் 310-இன் கம்பெனி ஷாக்கே ஒற்றைக் குழாய், மிதக்கும் பிஸ்டன், வாயு நிரப்பிய அமைப்புதான். விலையில் வரும் வித்தியாசம் கொள்கையில் இல்லை. ஆயிலின் அளவு, தனிக் குடுவை, உராய்வு குறைந்த சீல், துல்லியமாகக் கடைந்த தண்டு, திறந்து மாற்றக்கூடிய தகடுகள் ஆகியவற்றில் இருக்கிறது.

மூன்றாவது பலன் திருகுகள். கம்பெனி ஷாக்கில் பெரும்பாலும் பிரீலோடு மட்டும்தான் மாறும். நல்ல ஷாக்கில் ரீபவுண்டும், பலவற்றில் கம்ப்ரஷனும், சிலவற்றில் ஷாக்கின் நீளமும் மாற்றலாம். ரீபவுண்ட் தடுப்பு குறைவாக இருந்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் துள்ளும். “அண்ணே, பின்னாடி மிதக்குது” என்று பிட்டுக்கு வந்து சொல்வார்கள். தடுப்பு அதிகமானால் வேறு விதமான தொல்லை. அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மூன்றாவது மேட்டில் ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கியே இருக்கும். ஓட்டுபவருக்கு அது கல் போலக் கடினமாகத் தெரியும். உடனே அவர் கம்ப்ரஷனைத் தளர்த்துவார், பின்பக்கம் இன்னும் இறங்கும், இன்னும் கடினமாகத் தெரியும். தளர்த்த வேண்டியது ரீபவுண்டை. திருகுகள் கூடக் கூட சரியான இடத்தை அடையும் வாய்ப்பும் கூடுகிறது, வழிதவறும் பாதைகளும் கூடுகின்றன. இரண்டு திருகையும் இரண்டு திசையிலும் திருப்பிப் பார்த்து, வண்டி எப்படி மாறுகிறது என்று உடம்பால் உணரத் தெரியாதவருக்கு நான்கு திருகுள்ள ஷாக் உதவாது.

நீளத் திருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அதிகம் உள்ளது அதில்தான். பின்பக்கத்தை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால், 1,350 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியில் முன் ஃபோர்க்கின் சாய்வு ஏறத்தாழ 0.4 டிகிரி நிமிர்கிறது. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் வண்டி வளைவுக்குள் விழும் வேகம் கண்கூடாக மாறும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் கோணமும் கூடுவதால் த்ரோட்டில் திறக்கும்போது செயினின் இழுப்பு பின்பக்கத்தை அமுங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும். அதனால் வளைவின் வெளியேற்றத்தில் வண்டி அகலமாக ஓடாமல் கோட்டைப் பிடிக்கும். மென்மையான ஸ்பிரிங்கோடு பின்பக்கம் தாழ்ந்த வண்டி, வெளியேறும்போது முன்பக்கம் இலேசாகி வெளிப்புறம் தள்ளுவதன் காரணமும் இதுவே. டயரைக் குறை சொல்லி அதை மாற்றியும் தீராத அந்தத் தொல்லை, பின்பக்கத்தைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்ததும் தீர்ந்துவிடுவதுண்டு. அளவு மீறினால் கதை தலைகீழ். நேர்க்கோட்டில் கைப்பிடி ஆடும், கடும் பிரேக்கில் பின்சக்கரம் தரையை விடும், செயின் ஸ்விங் ஆர்மின் மேலுள்ள காப்பில் உரசும். இதைத் தெரியாமல், “ரேஸ் வண்டி பின்னாடி தூக்கலாத்தான் இருக்கும்” என்று கண்ணளவில் உயர்த்துகிறவர்களின் வண்டியை ஓட்டச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

இந்தப் பொருளின் மேல் நமக்குள்ள மோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பின்சக்கரத்துக்கு ஒரே ஷாக் என்ற அமைப்பை பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் வடிவமைக்க, யமஹா அதை வாங்கியது. 1973-இல் ஹோக்கன் ஆண்டர்சன் அந்த அமைப்புள்ள யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அதே மோட்டோகிராஸ் உலகிலிருந்து வந்த ஸ்வீடன்காரர் கென்ட் ஓலின் 1976-இல் தன் ஓலின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று மோட்டோஜிபி வரிசையில் பெரும்பாலான வண்டிகளில் ஓலின்ஸ்தான், கேடிஎம் மட்டும் தன் டபிள்யூபி சஸ்பென்ஷனோடு நிற்கிறது. 2025 ஜனவரியில் பிரேம்போ நிறுவனம் ஓலின்ஸை வாங்கி முடித்தது. இத்தனை பெருமையும் உழைத்துச் சேர்த்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மோட்டோஜிபி பிட்டில் நடப்பதைக் கவனித்தால் வேறொன்று தெரியும். மின்னணுவால் தானாக மாறும் சஸ்பென்ஷனுக்கு அங்கே தடை. எல்லாம் கையால் திருகுவதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டெலிமெட்ரியைப் பார்த்து, ஓட்டியிடம் கேட்டு, ஸ்பிரிங்கையும் தகடுகளையும் மாற்றும் நிபுணர் பக்கத்திலேயே நிற்கிறார். நாம் பொருளை மட்டும் வாங்கி வருகிறோம், அந்த ஆள் நம்மோடு வருவதில்லை. சமையல்காரர் இல்லாமல் கல்யாண அண்டாவை மட்டும் வாடகைக்கு எடுத்த கதைதான்.

இந்த நடைமுறையின் முதல் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது: பராமரிப்பு. பந்தயப் பயன்பாட்டில் ஷாக் ஆயில் சாலையில் போல ஆண்டுக்கணக்கில் தாங்காது. சூட்டில் அதன் தன்மை மாறும், சீல் தேயும், நைட்ரஜன் மெல்லக் குறையும். அதைத் திறந்து, காற்றுக்குமிழி இல்லாமல் ஆயில் நிரப்பி, உரிய அழுத்தத்தில் நைட்ரஜன் ஏற்ற வேண்டும். அந்த அழுத்தம் 10 பார் அளவுக்கும் அதற்கு மேலும் போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடிக்கும் வேலை இல்லை இது. முறையான கருவியும் உதிரிபாகமும் உள்ள பட்டறைகள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு. வாங்கியவர்களில் பலர் முதல் நாள் போட்டதோடு சரி, சீல் கசியும் வரை தொடுவதில்லை. ஆயில் செத்துப்போன உயர்தர ஷாக், ஒழுங்காக இருக்கும் கம்பெனி ஷாக்கைவிட மோசமாக நடந்துகொள்ளும். எனவே விலையைக் கேட்கும்போதே சர்வீஸ் யார் செய்வார்கள், எங்கே, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அந்த பிராண்டை விட்டுவிடுவது நல்லது. அது ஸ்வீடனுடையதோ இங்கிலாந்தினுடையதோ, தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் போல விலை குறைந்ததோ, இந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் பொது.

போலிகள் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தங்க நிறக் குடுவையும் மஞ்சள் ஸ்பிரிங்கும் பெயரொட்டியும் வைத்த போலி ஷாக்குகள் ஆசியச் சந்தையில் நிறையவே உலவுகின்றன. குடுவைக்குள் எதுவுமே இல்லாமல் வெறும் அலங்காரமாக ஒட்டவைத்தவையும் உண்டு. மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் சாயப்போகும் வண்டியில் அதை மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது பெருங்குறை, பின்பக்கத்தை மட்டும் மாற்றி முன்பக்கத்தை அப்படியே விடுவது. பின்பக்கம் இறுகி உயர்ந்ததும் எடை முன்னால் நகர்கிறது. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது ஏற்கெனவே மென்மையான முன் ஃபோர்க் முழுதாக அமுங்கி அடியில் மோதுகிறது. ஓட்டுபவர், பின் ஷாக் மாற்றியும் வண்டி பிரேக்கிங்கில் நம்பிக்கை தரவில்லையே என்று குழம்புகிறார். முன் ஃபோர்க்குக்கு எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் புதிய ஆயிலும் போடும் செலவு, பின் ஷாக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான். செலவின் வரிசையை என்னிடம் கேட்டால் ஃபோர்க் ஸ்பிரிங்கும் ஆயிலும் முதலில், பின் ஷாக் அதற்குப் பிறகு என்றே சொல்வேன். நம்மூரில் இது தலைகீழாக நடப்பதற்கு, ஃபோர்க்குக்குள் போட்டது வெளியே தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் படவில்லை.

டயர் காற்றழுத்தத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். சூடான டயரில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடினாலோ குறைந்தாலோ வண்டியின் நடத்தை, ஷாக்கில் பல கிளிக் திருப்பியதற்குச் சமமாக மாறும். பின் டயரின் ஓரத்தில் ரப்பர் கிழிந்து உரிந்திருப்பதைப் பார்த்ததும் ரீபவுண்டைத் திருப்புகிறார்கள். அழுத்தம் தவறினாலும் அதே கிழிசல் வரும். காற்றழுத்த மீட்டர் இல்லாத பையோடு தடத்துக்கு வருகிறவர் ஷாக்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பலனை அளக்கும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. ஷாக் மாற்றினேன், லேப் டைம் ஒரு நொடி குறைந்தது என்பார்கள். அதே நாளில் புது டயரும் போட்டிருப்பார்கள், தடமும் காலைப் பனியிலிருந்து காய்ந்திருக்கும், முன்னால் போன வேகமான ஓட்டியின் பின்னால் தொற்றிக்கொண்டும் போயிருப்பார்கள். டிராக் டே ஓட்டி ஒருவரின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலேயே ஒரு நொடிக்கும் மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் முன்னேற்றத்தை எந்தப் பொருளின் பெயரிலும் எழுத முடியாது. ஒரு மாற்றத்தைச் செய்து ஓட்டி, திரும்ப பழைய நிலைக்கே வைத்து ஓட்டி, மறுபடியும் மாற்றி ஓட்டினால்தான் ஓரளவு உண்மை தெரியும். ஒரு நேரத்தில் ஒரே திருகு. முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி எழுத வேண்டும். சராசரிச் சுற்றையும் சுற்றுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தையும் பார்ப்பது, மிக வேகமான ஒற்றைச் சுற்றைப் பார்ப்பதைவிட நேர்மையானது. நல்ல சஸ்பென்ஷன் முதலில் குறைப்பது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

புதிதாகத் தடத்துக்கு வருகிறவரின் நிலையை யோசித்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். அவர் வளைவின் நடுவில் த்ரோட்டிலை மூடுகிறார், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார், கண் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த மூன்றும் வண்டியை உலுக்கும் அளவுக்கு எந்த ஷாக்கும் அதை அமைதிப்படுத்த முடியாது. கீத் கோட் 1980-இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து பயிற்சி தருகிறது. உள்ளூர்ப் பயிற்சிகளும் உண்டு. ஷாக்குக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே செலவிட்டால் கிடைக்கும் முன்னேற்றம், அந்தக் கட்டத்தில் ஓட்டிக்குப் பல மடங்கு. அந்த முன்னேற்றம் வண்டியை விற்றாலும் போகாது. வேகம் ஒரு மட்டத்துக்கு வந்து, ஒரே வளைவில் ஒரே இடத்தில் ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வந்து, அதை வார்த்தையில் சொல்லத் தெரியும்போதுதான் ஷாக்கின் நேரம் வருகிறது.

விலை குறைந்த நடுவழிகளும் இருக்கின்றன, அவற்றை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஓசூரில் தயாராகும் ஆர்ஆர் 310-க்கு 2021-இல் டிவிஎஸ் ஒரு டைனமிக் கிட் கொடுத்தது. அப்போது புது வண்டி ஆர்டர் செய்யும்போதே முன்னும் பின்னும் திருகுகளால் மாற்றக்கூடிய சஸ்பென்ஷனைச் சுமார் 12,000 ரூபாய் கூடுதலில் தேர்ந்தெடுக்க முடிந்தது. இறக்குமதி ஷாக்கின் நேர்த்தி அதில் இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் திருகைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்ள அதைவிடச் சிக்கனமான பள்ளிக்கூடம் இல்லை. திறக்கக்கூடிய கம்பெனி ஷாக்கை அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கையும் தகடுகளையும் ஆயிலையும் மாற்றுவது இன்னொரு வழி. பல கம்பெனி ஷாக்குகளை அடைத்தே விற்கிறார்கள் என்பது இதன் வரம்பு.

என் தீர்ப்பு இதுதான். எடை வண்டியின் ஸ்பிரிங்குக்குப் பொருந்தாதவருக்கும், ஒவ்வோர் ஓட்டத்தின் கடைசியிலும் பின்பக்கம் தளர்வதைத் தெளிவாக உணர்கிறவருக்கும், பந்தயத்தில் இடம்பிடிக்கும் நிலையில் இருப்பவருக்கும் நல்ல பின் ஷாக் கொடுத்த காசுக்குத் தகுதியானது. அவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது மேல்தட்டு மாடலைவிட, தங்கள் எடைக்கான ஸ்பிரிங்கோடு வரும், ரீபவுண்டும் நீளமும் மாற்றக்கூடிய, பக்கத்தில் சர்வீஸ் கிடைக்கும் நடுத்தர மாடலையே நான் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு அந்தப் பணம் டயரிலும் பயிற்சியிலும் முன் ஃபோர்க்கிலும் அதிகம் உழைக்கும்.

டிராக் டே நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் தொழில்நுட்பச் சோதனைக்கு வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஹெல்மெட்டையும் பிரேக்கையும் பார்க்கிறீர்கள். அதே வரிசையில் ஓர் அளவுநாடாவோடு ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வோர் ஓட்டியும் உட்காரும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அடுத்த ஷாக்கை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த எண்ணைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.